தாய்லாந்துச் சமையலறையில் மசாலாப் பொருள்கள்: புழங்கிப் பார்த்த அனுபவம்

பாங்காக்கில் குடியேறி, தாய்லாந்துச் சமையலை வீட்டில் அன்றாடம் செய்யத் தொடங்கிய பிறகு, என் அஞ்சறைப் பெட்டிக்கு வேலை பெரிதும் குறைந்துவிட்டது. கடுகு, வெந்தயம், பெருங்காயம் மூன்றுக்கும் இந்தச் சமையலில் இடமில்லை. கடைசியில் தாளித்துக் கொட்டும் வழக்கமும் இல்லை. இங்குள்ள குழம்புகளின் மணம் பெரும்பாலும் பச்சை வேர், தண்டு, இலை, பழத்தோல் ஆகியவற்றிலிருந்து வருகிறது. உலர்ந்த மசாலா அவற்றுக்குத் துணை மட்டுமே. இதை உணராமல் மல்லித்தூளையும் சீரகத்தூளையும் நம் கைப்பழக்கத்தில் அள்ளிப் போட்டால், பச்சை மிளகாய் விழுதில் செய்யும் பச்சைக் குழம்பு குருமாவாகத்தான் இறங்கும்.

அன்றாடம் அதிகம் செலவாகிறவை கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு ஆகிய மூன்றும்தான். இம்மூன்றையும் சேர்த்து இடித்த விழுது, தெளிந்த காய்கறிச் சூப்புக்கும், கொத்துக்கறி உருண்டைக்கும், சுடுவதற்காக ஊறவைக்கும் கோழிக்கும் ஒன்றுபோல அடித்தளமாகிறது. இந்நாட்டுச் சந்தைகளில் கொத்தமல்லிக் கட்டை வேரோடுதான் விற்கிறார்கள். வேரை நறுக்கி எறிந்துவிட்டு விற்கும் ஊர்களில் இருப்பவர்கள் தண்டின் அடிப்பகுதியைக் கொண்டு சமாளிக்கலாம். மணம் சற்றுக் குறையும், அவ்வளவே. வெள்ளை மிளகை முழுதாகவே வாங்குகிறேன். பழுத்த மிளகை நீரில் ஊறவைத்து மேல்தோலை நீக்கி உலர்த்துவதால் அதில் ஒரு புளித்த வாடை உண்டு. புதிதாக முகர்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் காலையில் சாப்பிடும் அரிசிக் கஞ்சியின் மேல் அதை இடித்துத் தூவிப் பழகியவர்களுக்குக் கருமிளகு சரிப்படாது. தூளாக விற்கும் டப்பாக்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். திறந்த சில வாரங்களில் காரம் மட்டும் மிஞ்சி மணம் போய்விடுகிறது.

இவ்வளவு காலத்தில் நான் வாங்கிய பொருள்களில் செலவழித்த பணத்துக்கு முழுப் பயன் தந்தது எதுவென்றால், கருங்கல் இடிகல்லைத்தான் சொல்வேன். சொன்புரி மாகாணத்தின் அங் சிலா கடலோர ஊர் இந்தக் கல் வேலைக்குப் பெயர் பெற்றது. பப்பாளிக்காய் சாலட் இடிப்பதற்கு மண் உரலும் மர உலக்கையும் தனியாக உண்டு. அதில் குழம்பு விழுது இடிக்க முடியாது. விழுதுக்குக் கல்தான் வேண்டும், அதிலும் ஒரு கையால் தூக்கச் சிரமப்படும் அளவுக்குக் கனமானதாக இருக்க வேண்டும். (அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அதன் அடியில் ஈரத் துணியை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டால் கீழ்வீட்டாரோடு நல்லுறவு நீடிக்கும்.)

நால்வருக்கான பச்சைக் குழம்புக்கு நான் எடுக்கும் உலர் மசாலா மிகக் கொஞ்சம்: 1 மேசைக்கரண்டி மல்லி, 1 தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகு. சீரகம் சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் மல்லியையும் சீரகத்தையும் தனித்தனியே வெறும் வாணலியில் வறுத்து, மிளகோடு சேர்த்து இடித்து, முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகு பச்சை மிளகாயையும் கல்லுப்பையும் போட்டால், உப்பின் கரகரப்பில் மிளகாய்த் தோல் எளிதில் மசியும். அடுத்து மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பேரரத்தை, எலுமிச்சைப்புல்லின் வெண்மையான அடித்தண்டு, மக்ரூட் எனப்படும், மேடுபள்ளமான தோலுள்ள எலுமிச்சையின் தோல், கொத்தமல்லி வேர். நீர் மிகுந்த பூண்டும் சிறிய வெங்காயமும் அதற்குப் பிறகு. எடுத்து வைத்த மசாலாப் பொடியும் கபி எனப்படும் இறால் விழுதும் கடைசியில். கடினமானதும் நார் மிகுந்ததும் முன்னே, ஈரமானது பின்னே என்பதே கணக்கு. வெங்காயத்தை முன்னதாகப் போட்டுவிட்டால், உள்ளே சேறு போலாகி, பேரரத்தைத் துண்டுகள் குழவிக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மக்ரூட் தோலில் பச்சைப் பகுதியை மட்டும் சீவ வேண்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் குழம்பு முழுவதும் கசக்கும்.

மிக்ஸி கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் தண்ணீர் விட்டு அரைத்தால் விழுது அடுப்பில் வதங்காமல் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. பச்சை வாடையும் போகாது. தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பாலைச் சிறிது விட்டு அரைத்தால் வேலை நாள்களில் அது போதுமானதாகவே இருக்கிறது.

வதக்கும் கட்டம் இடிப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. முதல் தேங்காய்ப்பாலை வாணலியில் விட்டு நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டிருந்தால், முதலில் நுரைத்து, பிறகு கெட்டிப்பட்டு, ஓரங்களில் தெளிந்த எண்ணெய் பிரியும். கொதிக்கும் ஓசையும் சடசடப்பாக மாறும். அப்போதுதான் விழுதைச் சேர்க்க வேண்டும். மசாலாவின் மணப்பொருள்களில் பெரும்பங்கு கொழுப்பில் கரைபவை என்பதால், இந்த எண்ணெயில் வதங்கிய விழுதுக்கும் வெறும் பாலில் கரைத்த விழுதுக்கும் வேறுபாடு முதல் கவளத்திலேயே தெரியும். அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில் பலவும் பிரியாதிருக்கப் பொருள்கள் சேர்க்கப்பட்டவை. எவ்வளவு நேரம் கிளறினாலும் எண்ணெய் விடாது. அத்தகைய பாலோடு ஒரு கரண்டி எண்ணெயை முதலிலேயே சேர்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நமக்குப் பழக்கமான பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் ஒன்றுகூடுவது முஸ்லிம் சமையலோடு தொடர்புடைய மசமான் குழம்பில்தான். பின்னாளில் இரண்டாம் ராமா என முடிசூடிய இளவரசர் உணவுகளைப் பாடிய செய்யுளிலும் இக்குழம்பின் மசாலா மணம் இடம்பெறுகிறது. இதற்கு உருண்டையான, வெளிறிய உள்ளூர் ஏலக்காயைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஏலக்காயைவிட மென்மையான அதில் கற்பூர வாடை சற்றுத் தூக்கலாக இருக்கும். நம் ஏலக்காயைப் போடுவதானால் அளவைப் பாதியாகக் குறைக்காவிட்டால் பாயச வாசனை வந்துவிடும். நம் வீடுகளில் மசாலா சாமான்கள் எப்படியும் இருக்கும் என்பதால், மசமானுக்கென்று தனித் தூள் டப்பா வாங்குவதை நான் வீண் செலவாகவே கருதுகிறேன். அன்னாசிப்பூவும் பட்டையும் எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது, முட்டையைப் பனைவெல்லத்திலும் சோயா சாற்றிலும் வேகவைக்கும், சீன வழியில் வந்த பலோவுக்குத்தான்.

கடையில் வாங்கும் விழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளோங் தோய் சந்தையில் விழுதுகளைத் தட்டுகளில் குன்றுபோல் குவித்து, கேட்ட அளவுக்கு எடை போட்டுத் தருகிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையின் பெரியம்மா, மீனா கோழியா, தேங்காய்ப்பால் விடுவீர்களா என்று கேட்டுக்கொண்ட பிறகே கரண்டியை எடுப்பார்; அதற்கேற்ற விழுதையும் அவரே தேர்ந்து தருவார். இந்த விழுதுகள் நன்றாகவே இருக்கின்றன. பொட்டலத்தில் அடைத்து வருபவற்றில் உப்பு மிகுதி. குழம்பு கொதித்து, ருசி பார்த்த பிறகே, உப்புக்காக விடும் மீன் சாறு சேர்ப்பது நல்லது. புதிதாகச் சீவிய மக்ரூட் தோலையும் இடித்த மல்லியையும் சிறிது சேர்த்தால் அவையும் உயிர் பெற்றுவிடும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, மக்ரூட் இலை, பேரரத்தை வில்லை, எலுமிச்சைப்புல் மூன்றும் உறைபெட்டியில் மாதக்கணக்கில் தாங்குகின்றன. உலர்த்திய மக்ரூட் இலையில் காகித மணம்தான் மிஞ்சும். பேரரத்தைக்கு இஞ்சி மாற்றாகாது. இஞ்சி போட்ட தொம் யம் சூப் ஏதோ ஒரு நல்ல சூப்பாக இருக்கலாம், தொம் யமாக இராது. பாங்காக்கின் ஈரக் காற்றில் தூள்கள் விரைவில் கட்டிபட்டுவிடுவதால் உலர் மசாலாவை முழுதாகவே குளிர்பெட்டியில் வைக்கிறேன்.

தெற்கு மாகாணங்களின் சமையல் நம் நாக்குக்கு மிக அருகில் இருப்பது. பச்சை மஞ்சளும் மிளகும் மிளகாயும் தாராளமாக இடித்துச் சேர்த்து, தேங்காய்ப்பால் இல்லாமல் கொத்துக்கறியை வறட்டி எடுக்கும் குவா கிளிங், சோற்றுக்கு நம் சுக்காவைப் போலவே பொருந்துகிறது. வடக்கே சியாங் மாய் பக்கத்து லாப் என்னும் கொத்துக்கறி உணவில் சேரும் மக்வேன் நமக்கு முற்றிலும் புதியது. சிச்சுவான் மிளகின் இனமான இதற்கு ஆரஞ்சுத் தோலின் மணமும் நாக்கை மெல்ல மரக்கவைக்கும் குணமும் உண்டு. லேசாக வறுத்து, உள்ளிருக்கும் கருப்பு விதையை நீக்கிவிட்டு, ஓட்டை மட்டும் இடிக்க வேண்டும். இடித்ததை வைத்திருந்து பயன்படுத்த முடியாது என்பதால், அதைச் சிறு பொட்டலமாகவே வாங்கி, லாப் செய்யும் அன்று மட்டும் தேவையான அளவு எடுத்து வறுக்கிறேன்.