எபிக் ஆய்வா, கோல்டன் ரெட்ரீவர் ஆய்வா?

நாய்களின் நோய்களைப் பற்றிய இந்த இரண்டு ஆய்வுகளில் எது அதிகம் பயன்பட்டது? எபிக் ஆய்வில் 360 நாய்கள். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள மைட்ரல் வால்வு கசிந்து இதயம் பெரிதாகியும், மூச்சிரைப்பு இன்னும் தொடங்காதவை. சிலவற்றுக்குப் பிமோபெண்டான் என்ற இதய மருந்து, மற்றவற்றுக்கு வெற்று மருந்து. எதற்கு எது என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2016-இல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்ட நாய்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. நாயின் ஆயுளில் 15 மாதம் என்பது எவ்வளவு பெரிது!

கோல்டன் ரெட்ரீவர் என்ற நாயினத்துக்குப் புற்றுநோய் போன்றவை ஏன் வருகின்றன என்று அறிய, அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய கோல்டன் ரெட்ரீவர் வாழ்நாள் ஆய்வில் மருந்தே கிடையாது. 3,000-க்கும் மேற்பட்ட நாய்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் பரிசோதித்து, ரத்தம், முடி, வெட்டிய நகம் வரை சேமித்து வைக்கிறார்கள்.

சிகிச்சையை உடனே மாற்றியது எபிக்தான். ஆனால் புற்றுநோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க, இப்படி ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கத்தான் வேண்டும்.