பன்னிரண்டு வயதுக் கணினிக்கு 3,390 ரூபாய்: பழையபேட்டை மாடிக்கடை பற்றி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கீழே பாத்திரக்கடை, மேலே ஒற்றை அறை. அந்த அறைதான் நான் சொல்லப்போகும் கணினிப் பழுது பார்க்கும் கடை. அதற்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். "இருக்கிற வேலைக்கே மேசையில் இடமில்லை அக்கா" என்றார். ஆகவே பாத்திரக்கடைதான் அடையாளம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது பிறகு வரும்.

நான் தட்டச்சும் டிடிபியும் செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, மாரியம்மன் பண்டிகை, பொங்கல் கழிந்ததும் எருது விடும் விழா நோட்டீஸ் என்று வருடம் ஓடும். இந்த ஊரில் பத்திரிகை வேலை தமிழோடு முடிவதில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆட்கள் ஒரு பக்கம் தெலுங்கில் கேட்பார்கள். தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குக் கன்னடம் வேண்டும். மாப்பிள்ளை வீடு ஒரு மொழி, பெண் வீடு வேறு மொழி என்றால் மூன்றும் ஒரே அட்டையில். அதற்கான எழுத்துருக்கள், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பன்னிரண்டு வருடத்துப் பத்திரிகைகள் எல்லாம் 2013இல் வாங்கிய ஒரே கணினியில் இருக்கின்றன. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. கணினியைவிட யுபிஎஸ் நல்லதாக வேண்டும் என்று தேடி வாங்கிய ஞாபகம்.

மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 போட்டு வந்தது. இலவசமாகக் கொடுத்த காலத்தில், 2016இல், விண்டோஸ் 10க்கு மாற்றிக்கொண்டேன். பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

இரண்டு வருடமாக அது கிழடு தட்டிக்கொண்டிருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒருநாள் கடிகாரம் பார்த்தேன்: பதினொரு நிமிடம். பேஜ்மேக்கர் திறக்க இன்னும் நான்கு. நடுவில் திடீரென்று அணைந்து மறுபடி எழும். கார்த்திகை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி இரண்டு முறை ஆனது. பெண்ணின் பெரியப்பா, "கணினியை மாற்றக்கூடாதா அம்மா, நல்ல காரியம் நடக்கிற இடம்" என்றார். சுருக்கென்று இருந்தது.

இந்த மாடிக்கடைக்கு முன்னால் மூன்று வாசல் ஏறினேன். முதல் கடையில், ரேம் பத்தவில்லை என்று சொல்லி இன்னொரு 4 ஜிபி செருகி 1,200 ரூபாய் வாங்கினார்கள். எட்டு ஜிபி ஆகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், வேகம் அப்படியே. இரண்டாவது இடத்தில் உறையைக்கூடக் கழற்றவில்லை. "ஃபார்மட் அடித்துவிடலாம், நாளைக்கு வாருங்கள்" என்றார்கள். ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டதும் சிபியூவைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மூன்றாவது, பெங்களூர் சாலையில் குளிரூட்டிய விற்பனைக் கடை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்), மானிட்டர் இல்லாமல் 38,500 ரூபாய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உலகமெங்கும் ஏஐ மையங்கள் நினைவகத்தை அள்ளுவதால் ரேம் விலை ஏறுகிறது, தாமதித்தால் இன்னும் கூடும் என்றும் சொன்னார்கள். விலை ஏறியது உண்மைதான், பிறகு நானே பார்த்தேன். ஆனால் என் கணினியில் நான் என்ன செய்கிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மாடிக்கடைத் தம்பியின் முதல் கேள்வி அதுதான். திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "இதில் என்ன வேலை அக்கா செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "தமிழ் எழுத்துருவுக்கு டாங்கிள் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது. பெருவிரல் அளவுப் பூட்டு. பின்னால் செருகியிருந்தால்தான் அந்த எழுத்துரு மென்பொருள் திறக்கும். விற்றவர்களின் தொலைபேசி எண் பல வருடங்களாக வேலை செய்யவில்லை. நிறுவும் குறுந்தகடு கீறிப்போய்விட்டது. ஃபார்மட் என்றதும் நான் ஓடியதற்குக் காரணம் இதுதான். அழித்துவிட்டால் திரும்பப் போட வழியே இல்லை.

"யூனிகோடுக்கு மாறிவிடலாமே" என்று என் மகள்கூடச் சொல்கிறாள். எந்தக் கணினியிலும் கைபேசியிலும் ஒரேபோல் தெரியும் பொது எழுத்து முறை அது. புதிய வேலைகளை யூனிகோடில்தான் செய்கிறேன். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதுவே. ஆனால் பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள், அதற்கு யூனிகோடுத் தமிழ் தெரியாது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது ஓர் எழுத்து இல்லை. கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. எழுத்துரு மாற்றும் நிரலில் போட்டு எடுத்தால் எங்காவது ஒரு கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பழைய குடும்பப் பத்திரிகையைத் திறந்து பெயரும் தேதியும் மட்டும் மாற்றித் தருவது என் வருமானத்தில் பாதி. அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே பூவேலை தங்கைக்கும் வேண்டும் என்று வருவார்கள். அந்தக் கோப்புகள் திறக்காவிட்டால் 38,500 ரூபாய்க் கணினி எனக்கு அலமாரியில் வைக்கிற பொம்மை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கணினியைத் திறந்தார். கிரானைட் லாரிகள் போகும் சாலை ஓரக் கடை என்னுடையது. உள்ளே படிந்திருந்த தூசியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஊதித் தள்ளிவிட்டு மீட்டரை வைத்து அளந்தார். 12 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 11.2 காட்டியது. ஐந்து விழுக்காடு வரை ஏறி இறங்கலாமாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. திடீர் திடீரென்று அணைவதற்கு, கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான் காரணம் என்றார். அடுத்து ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஒரு நிரலை ஓட்டினார். மஞ்சள் கட்டம் வந்தது. கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிவிட்டு மாற்றிடம் தேடிய கணக்கு அதில் எண்ணாக நிற்கிறது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று பொருளாம். அந்த நிமிடமே கணினியை அணைத்துவிட்டார். "இனிமேல் இதை ஓட்டவே வேண்டாம். முதலில் பிரதி எடுப்போம், மற்றதெல்லாம் அப்புறம்" என்றார். கடையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ரேம் விஷயத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். என் விண்டோஸ் 32 பிட் வகை. அது 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. இன்னொரு 4 ஜிபி செருகியது, நான்கு பேர் வீட்டுக்கு எட்டுப் பேருக்குச் சமைத்த கதை. 64 பிட்டுக்கு மாற்றிவிடலாமே என்றால், டாங்கிளை விண்டோஸில் வேலை செய்யவைக்கும் டிரைவர் நிரல் 32 பிட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதற்குமேல், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது ஏற்கும். என்னுடையது மூன்றாம் தலைமுறை. கழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கயிறு.

அதனால் அவர் சொன்ன வழி: பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுப்பது, புதிதாக எதையும் நிறுவாமல் இருப்பது. ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழன்று, ஊசி போன்ற தலை நகர்ந்து சென்று ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க வேண்டும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைக் கேட்கிறது, காத்திருப்பு முழுக்க அந்த நடையில்தான் போகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. நான் விலை கூடிய எஸ்எஸ்டியைக் காட்டிக் கேட்டபோது அவரே தடுத்தார். என் எச்61 மதர்போர்டில் டிஸ்கை மாட்ட இருப்பது பழைய சாட்டா இணைப்பு. நொடிக்கு 550 எம்பி தரும் எஸ்எஸ்டியைப் போட்டாலும் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். "சாதாரண 240 ஜிபி போதும். நீங்கள் கவனிக்கப்போகிற வேகம் அதிலேயே வந்துவிடும்" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

கணக்கு இது. எஸ்எஸ்டி 1,900, எஸ்எம்பிஎஸ் 950, போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி 40, கூலி 500. அந்த பேட்டரி தீர்ந்துபோனதால்தான் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னுக்கு ஓடியதாம். நான் அதைப் பேய் என்று நினைத்திருந்தேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சுவிட்ச் போட்டதிலிருந்து நாற்பது நொடியில் எழுகிறது. பேஜ்மேக்கர் மூன்று நொடி. தை, மாசி முகூர்த்தங்கள் முழுவதையும் இதில்தான் ஓட்டினேன், ஒருமுறைகூட அணையவில்லை. அந்தப் பெரியப்பா, மாசியில் இன்னொரு கல்யாணத்துக்கு வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிவிட்டீர்களா?" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் இது புதிய கணினி ஆகிவிடவில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள், அதையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தம்பி இணையக் கம்பியைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். இனி இது பத்திரிகை மட்டும் அடிக்கிற இயந்திரம். மின்னஞ்சல், வாட்ஸ்அப், பணம் அனுப்புவது எல்லாம் மகளின் மடிக்கணினியில். பென் டிரைவ் போட்டதும் தானாக எதுவும் ஓடாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு கணினிக்கும் நடுவில் பென் டிரைவோடு நடப்பது எரிச்சல்தான், பழகிவிட்டது.

நான் கேட்டேன்: "எல்லோருக்கும் இப்படித்தான் சொல்வீர்களா?" இல்லையாம். எனக்கு முன்னால் வந்த ஒருவர் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் கடை வைத்திருப்பவர். அவர் கணினியும் ஏறக்குறைய என் வயது. அவருக்கு எஸ்எஸ்டி போட மறுத்துவிட்டாராம். ஊரார் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் போகிற பெட்டி, திருத்தம் நின்றுபோன விண்டோஸில் ஓடக்கூடாது என்பது தம்பியின் வாதம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய எட்டாம் தலைமுறைக் கணினிகள் கிடைக்கும், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். கூலி போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற கடை.

சரி, குறைந்த நட்சத்திரம். புதன்கிழமை தருகிறேன் என்றவர் வெள்ளிக்கிழமைதான் தந்தார். கெட்ட டிஸ்கிலிருந்து பிரதி எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை ஆறு முறை அழைத்தும் எடுக்கவில்லை. பன்னிரண்டு வருட உழைப்பு அவர் மேசையில் கிடக்கிறது, எனக்குத் தூக்கம் வருமா? "பிரதி ஓடுகிறது" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்க யுஎஸ்பி வேலை செய்யவில்லை, உள்ளே கம்பியை மாட்ட மறந்திருக்கிறார். திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடத்தில் மாட்டினார், காசு வாங்கவில்லை. ரசீதும் கேட்டால்தான் வரும். படிக்கட்டு மிகச் செங்குத்து, பிடிமானம் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் கீழே பாத்திரக்கடையில் சொன்னால் ஒரு பையன் வந்து தூக்கிப் போகிறான்.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் போங்கள், பிறகு கூட்டம். மானிட்டர் வேண்டாம், சிபியூ மட்டும் போதும். பழைய எழுத்துரு மென்பொருள் வைத்திருப்பவர்கள் டாங்கிளை மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய், அதை எடுத்துவர மட்டும் ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன்.