ஓடிடியில் நல்ல படம் தேட எதை நம்பலாம்: முகப்புப் பக்கமா, ரேட்டிங்கா, ஜஸ்ட்வாட்சா, பட்டியல்களா?

இரவுச் சாப்பாடு முடிந்து ரிமோட்டைக் கையில் எடுத்தால், முக்கால் மணி நேரம் போஸ்டர்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஏற்கெனவே பார்த்த படத்தையே மறுபடி ஓடவிடுகிற வீடுகள் நிறைய. படம் இல்லாத குறை இல்லை. தேடும் இடம்தான் தவறு. படம் தேடுவதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, அது தேறுமா என்று சோதிப்பது, எங்கே எந்த மொழியில் கிடைக்கிறது என்று பார்ப்பது. மூன்றையும் ஒரே கருவி நன்றாகச் செய்வதில்லை.

முகப்புப் பக்கம்

நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்வோம். வரிசைகள் எந்த ஒழுங்கில் வருகின்றன, ஒரு வரிசைக்குள் எது முன்னால் நிற்கிறது என்பதெல்லாம் அந்தந்த புரொஃபைலுக்கென்றே கணக்கிடப்படுபவை. ஒரு வரிசையில் இடது ஓரம் இருப்பதுதான் உங்களுக்கு மிகவும் ஒத்துவரும் என்பது அவர்களின் கணிப்பு. வயதும் பாலினமும் இந்தக் கணக்கில் சேராது என்று நிறுவனமே சொல்கிறது. என்ன பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், எந்தக் கருவியில், எந்த வேளையில், எதற்கு தம்ஸ் அப் கொடுத்தீர்கள் என்பவைதான் கணக்கு. பழையதைவிட அண்மையில் பார்த்ததற்கே எடை அதிகம். அதனால்தான் ஊரிலிருந்து வந்த உறவினர் இரண்டு நாள் உட்கார்ந்து பேய்ப்படம் பார்த்துவிட்டுப் போனால் முகப்பு முழுக்கப் பேயாகிவிடுகிறது.

போஸ்டரும் ஆளுக்கு ஆள் மாறும். 2017-ல் அவர்களின் பொறியாளர்களே இதை விளக்கி எழுதினார்கள்: காதல் கதைகள் அதிகம் பார்ப்பவருக்கு ஜோடியின் முகம், நகைச்சுவை பார்ப்பவருக்கு அதே படத்தின் காமெடி நடிகர் முகம். ஆகவே போஸ்டரை வைத்துப் படத்தின் தன்மையை முடிவுசெய்யக் கூடாது. அது படத்தைப் பற்றிச் சொல்வதைவிட உங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

'டாப் 10' வரிசை 2020-ல் வந்தது. நாட்டில் அதிகம் பார்க்கப்பட்டவை என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. வாரந்தோறும் வெளியிடும் பட்டியலில் 'பார்வை' என்பது, மொத்தம் ஓடிய மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவது. இரண்டு பேர் பாதியிலேயே நிறுத்தினாலும் கணக்கில் அது ஒரு முழுப் பார்வை. பிடித்துப் பார்த்தார்களா, வெறுத்து எழுந்தார்களா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

இத்தனை குறை இருந்தும், சீர்செய்தால் முகப்பு ஓரளவு உதவும். ஒரு கணக்கில் 5 புரொஃபைல்வரை வைக்கலாம். வீட்டில் ஆளுக்கொன்று கட்டாயம். பிரவுசரில் கணக்குப் பக்கம் போய், உங்கள் புரொஃபைலில் 'வியூயிங் ஆக்டிவிட்டி'யைத் திறந்தால் பார்த்தவை அனைத்தும் தேதியோடு வரும். வேண்டாததற்குப் பக்கத்தில் உள்ள மறைப்புக் குறியை அழுத்தினால் 24 மணி நேரத்துக்குள் அது பரிந்துரைக் கணக்கிலிருந்து விலகும். அங்கேயே 'ஆட்டோபிளே ப்ரிவ்யூ'வையும் அணைத்துவிடுங்கள். நின்ற இடத்திலெல்லாம் டிரெய்லர் பாடத் தொடங்கினால் யோசித்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

முகப்பில் தலைகாட்டாதவற்றை எட்ட வகை எண்கள் ஒரு வழி. பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் முகவரிக்குப் பின்னால் பிரவுஸ், ஜானர் என்ற இரு ஆங்கிலச் சொற்களைச் சாய்கோடுகளுக்கு இடையில் அடித்து, கடைசியில் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஆவணப்படங்களுக்கு 6839, சுயாதீனப் படங்களுக்கு 7077, பழைய கிளாசிக்குகளுக்கு 31574, ஜப்பானியப் படங்களுக்கு 10398, கொரியத் தொடர்களுக்கு 67879. நாட்டுக்கு நாடு கையிருப்பு மாறும் என்பதால் சில எண்களில் நாலைந்து படங்கள்தான் இருக்கும். 'மொழிவாரியாக' என்ற பிரிவு இன்னும் பயனுள்ளது: மூல மொழி, டப்பிங், சப்டைட்டில் என்று பிரித்து, வெளியான ஆண்டுப்படி அடுக்கிப் பார்க்கலாம்.

பிரைம் வீடியோவில் சிக்கல் வேறு. சந்தாவில் அடங்கியவை, வாடகைக்கு உள்ளவை, தனிக் கட்டணச் சேனல்களில் உள்ளவை எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். ஆசையாகத் தொட்டபிறகுதான் காசு கேட்கும். ஆனால் படங்களின் விவரத்தோடு பார்வையாளர் மதிப்பெண்ணும் தரும் ஐஎம்டிபி தளத்தை 1998-லேயே அமேசான் வாங்கிவிட்டதால், படத்தின் கீழே அந்த ரேட்டிங் தெரியும். இது ஒரு வசதி, அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தால்.

எண்களை வாசிப்பது

ஐஎம்டிபி 7.8 என்றால் நல்ல படம் என்று எடுத்துக்கொள்வதுதான் பரவலான பழக்கம். எண்ணை அப்படியே விழுங்காமல் அதைத் தொட்டு உள்ளே போங்கள். 10 முதல் 1 வரை எத்தனை பேர் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டைகள் வரும். இயல்பாக வரவேற்கப்பட்ட படத்தில் 7, 8 பக்கம் ஒரு மேடு எழுந்து இருபுறமும் சரியும். 10-ம் 1-ம் மட்டும் ஓங்கி நின்று நடுவில் பள்ளமாக இருந்தால், அங்கே ரசிகர் சண்டை நடந்திருக்கிறது. சராசரியை விட்டுவிட்டு 5 முதல் 8 வரையுள்ள பட்டைகளில் எது உயரம் என்று மட்டும் பாருங்கள். பெரிய நடிகர்களின் படங்களில் முதல் வாரத்தில் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான். வழக்கத்துக்கு மாறான வாக்களிப்பு தெரிந்தால் கணக்கிடும் முறையை மாற்றியிருக்கிறோம் என்று ஐஎம்டிபியே சில பக்கங்களில் குறிப்பு போடும். அந்தக் குறிப்பு இருக்கும் படத்துக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுப்பது நல்லது.

ராட்டன் டொமேட்டோஸின் சதவீதம் வேறு வகை. விமர்சனம் சாதகமா பாதகமா என்று மட்டும் எண்ணி, சாதகமானவை எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 10 விமர்சகர்களும் ஆளுக்கு 10-க்கு 6 கொடுத்த படம் 100 சதவீதம் வாங்கும். 7 பேர் 9 கொடுத்து 3 பேர் 4 கொடுத்த படம் 70-ல் நிற்கும். சராசரி பார்த்தால் முதல் படம் 6, இரண்டாவது 7.5. யாருக்கும் தொந்தரவில்லாத சுமாரான படங்கள் அங்கே உயரத்தில் இருப்பதும், துணிச்சலான படங்கள் 65, 70-ல் தங்குவதும் இதனால்தான். சதவீதத்தைத் தொட்டால் சராசரி மதிப்பெண் தெரியும். அதைத்தான் பார்க்க வேண்டும். மெட்டாகிரிட்டிக் விமர்சனங்களை 100-க்கு மாற்றி, பத்திரிகைக்குத் தக்க எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. 61-க்கு மேல் பச்சை, 81-க்கு மேல் ஏகோபித்த பாராட்டு. ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் இரண்டில் எதை என்றால் மெட்டாகிரிட்டிக்தான். தமிழ்ப் படங்களுக்கோ போதுமான விமர்சனங்கள் சேராமல் இரண்டிலும் பல நேரம் எண்ணே வராது.

பார்த்த படங்களைக் குறித்துவைத்து மதிப்பெண் போடும் தளமான லெட்டர்பாக்ஸ்ட் 2011-ல் நியூசிலாந்தில் தொடங்கியது. சினிமாவில் ஊறியவர்கள் கூடும் இடம் என்பதால் கை கொஞ்சம் கெட்டி. 5-க்கு 3.5 என்றால் நம்பி உட்காரலாம். 4-ஐத் தாண்டுவது அரிது. விகடன் மதிப்பெண்ணில் 40-ஐத் தாண்டினாலே படம் தேறிவிட்டது என்று தமிழ் வாசகர்களுக்குத் தெரியும், அதுபோலத்தான் இதுவும். ஒவ்வோர் இடத்து மதிப்பெண்ணுக்கும் தனி அளவுகோல். ஒரு குறுந்தொடர் அங்கே இருக்கலாம், பல சீசன் ஓடும் தொடர்களுக்கு அது உதவாது.

தொடர்களுக்கு ஐஎம்டிபியின் எபிசோட் வாரியான ரேட்டிங்தான் சரி. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. முதல் சீசன் பிடிக்காதவர்கள் விலகிவிடுவதால், பின்வரும் சீசன்களுக்கு வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் அபிமானிகள். அதனால் எண் 8-லிருந்து 8.4-க்கு ஏறினால் தொடர் மேம்பட்டது என்று பொருளில்லை. இறங்கினால் மட்டும் நிச்சயமாக நம்புங்கள்: அபிமானிகளே கைவிட்டிருக்கிறார்கள். கடைசி சீசனின் இறுதி இரண்டு எபிசோட்கள் சடாரென்று விழுந்திருந்தால், முப்பது மணி நேரம் முதலீடு செய்யுமுன் யோசிக்க வேண்டும். கதை முடிந்ததா, பாதியில் கைவிடப்பட்டதா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கண்டுபிடிக்க எது சிறந்தது

ஐஎம்டிபியின் 'டாப் 250' பட்டியலுக்கு 25,000 வாக்காவது வேண்டும். அதில் வருவதெல்லாம் ஏற்கெனவே கேள்விப்பட்டவையாக இருப்பதன் காரணம் இதுவே. அதற்குப் பதில் அதன் 'அட்வான்ஸ்டு' தேடலுக்குப் போங்கள். மொழி தமிழ் அல்லது மலையாளம், ஆண்டு 2010-க்குப் பின், ரேட்டிங் 7-க்கு மேல், வாக்குகள் குறைந்தது 2,000 என்று கொடுத்து, வாக்கு எண்ணிக்கையை ஏறுமுகமாக அடுக்குங்கள். குறைவான பேர் பார்த்து, பார்த்தவர்கள் மெச்சிய படங்கள் மேலே வந்து நிற்கும். வழக்கமான தேடலில் பத்தாவது பக்கத்தில் புதைந்திருப்பவை இவை.

இதைவிட நல்ல வழி ஆட்களைப் பின்தொடர்வது. நடிகரைப் பின்தொடர்ந்தால் நல்லதும் கெட்டதும் கலந்தே வரும். படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர் பெயரைப் பிடித்துப் போனால் மொழி எல்லையே கரைந்துவிடும். படத்தொகுப்பாளர் ஸ்ரீகர் பிரசாத் பணியாற்றிய படங்களை லெட்டர்பாக்ஸ்டில் அடுக்கிப் பாருங்கள்: தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி மட்டுமில்லாமல் அசாமியம்வரை போகும். எந்தப் பரிந்துரைக் கணக்கும் தமிழ்ப் பார்வையாளர் முன் ஓர் அசாமியப் படத்தை எளிதில் கொண்டுவந்து வைக்காது.

திரைப்பட விழாக்களின் பட்டியல்களும் அப்படியே. டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, கேரளத்தின் விழா, தேசிய விருதில் மொழிவாரியாகத் தேர்வானவை எல்லாம் இணையத்தில் கிடைக்கும். இந்த ஆண்டுப் பட்டியலை எடுத்தால் ஏமாற்றம்தான், பாதிப் படங்கள் இன்னும் ஓடிடிக்கு வந்திருக்காது. ஓராண்டு, ஈராண்டு பழைய பட்டியலை எடுங்கள். மனிதர்கள் பொறுக்கிய படங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு மூபி என்ற ஓடிடி தளம் இருக்கிறது. கையிருப்பு சிறியது, தமிழ் மிகக் குறைவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும்.

எங்கே இருக்கிறது

இந்த வேலைக்கு ஜஸ்ட்வாட்ச்: எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும் தளம். நாட்டை இந்தியா என்று வைத்து, சந்தா உள்ள தளங்களை மட்டும் டிக் செய்து, ஆண்டு, வகை, ஐஎம்டிபி ரேட்டிங் என்று வடிகட்டலாம். மேலே சொன்ன வழிகளில் கண்ட படங்களை அதன் வாட்ச்லிஸ்டில் போட்டுவைத்தால், உங்கள் தளம் எதற்காவது வந்ததும் தெரிந்துவிடும். தளத்துக்குள்ளேயே தேடுவதைவிட இது மேல். நெட்ஃபிளிக்ஸில் இல்லாத படத்தைத் தேடினால் 'இல்லை' என்று நேராகச் சொல்லாமல் அதுபோன்ற வேறு படங்களைக் காட்டும். அவசரத்தில் அவற்றில் ஒன்றில் போய் விழுவோம். தமிழ்ப் பெயர்களில் எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. ழகரம் வரும் பெயர்களை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். பெயர் சிக்காவிட்டால் இயக்குநர் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஜஸ்ட்வாட்ச் கோட்டைவிடும் இடம் மொழி. பல மொழிகளில் வெளியாகும் பெரிய படங்களின் ஓடிடி உரிமையை மொழிவாரியாகத் தனித்தனியே விற்பதுண்டு. தமிழ் ஒரு தளத்திலும் இந்தி இன்னொன்றிலும் இருக்கும், ஜஸ்ட்வாட்ச் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். சந்தா கட்டுவதற்கு முன் அந்தத் தளத்திலேயே படத்தின் பக்கத்தைத் திறந்து ஆடியோ பட்டியலைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் ஓடும் நேரத்தையும் பார்க்கப் பழகுங்கள், முக்கியமாகப் பழைய தமிழ்ப் படங்களுக்கு. தியேட்டர் நீளம் 150 நிமிடம் என்று இருந்து, ஓடிடியில் 144 என்றால் பயமில்லை: நொடிக்கு 24 சட்டங்களுக்கு (ஃபிரேம்) பதில் 25 ஓடும் டிவிப் பிரதியிலிருந்து ஏற்றியிருக்கலாம். காட்சி எதுவும் போகவில்லை. பாட்டின் சுருதி மட்டும் லேசாக ஏறி ஒலிக்கும். 130 என்று இருந்தால் பாடல்களோ காட்சிகளோ வெட்டுப்பட்டிருக்கின்றன. ஸ்கோப் என்ற அகன்ற திரை அளவில் எடுத்த படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையின்றித் திரை முழுவதும் நிறைந்து ஓடினால், இரண்டு ஓரங்களும் அறுக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் வரும் முதல் நிமிடத்திலேயே இது தெரியும்: பெயர்களின் முதல், கடைசி எழுத்துகள் திரைக்கு வெளியே போய்விடும். அப்போது நிறுத்திவிட்டு ஜஸ்ட்வாட்சில் வேறு தளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பழைய படம் இரண்டு தளங்களில் இரண்டு தரத்தில் இருப்பது சகஜம். வாடகைக்கு மட்டுமே நல்ல பிரிண்ட் இருந்தால் வாடகைக்கே எடுங்கள். பிரைமில் பொதுவாக எடுத்த 30 நாளுக்குள் தொடங்கலாம், தொடங்கியபின் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.