ஒளிர்சாயம் இல்லாமல் டிஎன்ஏவை எண்ணிய மூன்று ஆண்டுகள்

தேடப்படும் டிஎன்ஏ இழையில் எந்தச் சாயத்தையும் ஒட்டாமல், தங்க நானோ துகள்களைக் கொண்டு அதைக் கண்டறியும் முறையை ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இலக்கு இழையின் இரு பாதிகளுக்கும் பொருந்தும் துணை இழைகளைத் தயோல் முனை (தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கந்தகத் தொகுதி) வழியாகத் தனித்தனித் துகள்களில் பிணைத்து வைத்தால், இலக்கு வந்து சேரும்போது அத்துகள்கள் ஜோடியாகிவிடும். டிஎன்ஏவால் தங்கத் துகள்கள் இவ்வாறு இணைவதை 1996இல் அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கின் குழுவினர் சிவப்புக் கரைசல் ஊதாவாக மாறுவதில் காட்டினர். நான் நிறத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, ஐசிபி-எம்எஸ் கருவியில் (மிக வெப்பமான பிளாஸ்மாவில் மாதிரியை அயனிகளாக்கி, அவற்றை நிறைவாரியாக எண்ணும் கருவி) துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.

30 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகளின் நிறை ஏறத்தாழ 0.27 ஃபெம்டோகிராம். பிளாஸ்மாவில் அது ஆவியாகி அயனியாகும்போது தங்கத்தின் நிறை எண்ணான 197இல் ஒரு துடிப்பு எழும். ஜோடியானால் ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் எழும். (டான்டலம் என்ற உலோகத்தின் ஆக்சைடும் அதே எண்ணில் குறுக்கிடக்கூடும், ஆனால் என் மாதிரிகளில் டான்டலத்துக்கு என்ன வேலை?)

முதல் ஆண்டில் நான் ஏமாந்தது இந்த ஜோடிகளில்தான். இலக்கே சேர்க்காத வெற்று மாதிரியிலும் அவை தாராளமாகத் தென்பட்டன. கரைசல் அடர்த்தியாக இருந்ததால், தொடர்பற்ற இரு துகள்கள் ஒரே அளவீட்டு இடைவெளிக்குள் வந்து விழுந்து ஜோடிபோல் பதிவாகியிருந்தன. அன்று முதல் எந்த மாதிரியையும் இருமடங்கு நீர்த்து மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன்: ஒற்றைகளுக்கு ஜோடிகள் இருக்கும் விகிதம் பாதியாகக் குறைந்தால் அது தற்செயல், மாறாமல் நின்றால் அது டிஎன்ஏ. ஆனால் வெறும் தூய நீரில் நீர்த்ததும் உப்புக் குறைந்து இழைகள் பிரிந்துவிட்டதால், உண்மையான ஜோடிகளையும் சேர்த்து இழந்தேன். சோடியம் குளோரைடைத் தேவையான அளவு வைத்துக்கொண்டால் அயனிகள் கருவிக்குள் நுழையும் கூம்பில் உப்புப் படிகிறது. எளிதில் ஆவியாகும் அமோனியம் அசிடேட்டுக்கு மாறிய பிறகே இரண்டு தொல்லைகளும் அடங்கின.

துகளில் இழைகளைப் பிணைக்கும் கட்டத்தில் உப்பைச் சிறிது சிறிதாக, ஓரிரவு அவகாசம் கொடுத்துச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே சொட்டில் ஊற்றிய ஒரு மாலையில், குப்பியிலிருந்த ஒயின் சிவப்பு என் கண்ணெதிரே சாம்பல் நீலமாகி, காலையில் கறுப்பு வண்டலாக அடியில் கிடந்தது.

ஆம், இல்லை என்ற விடை மட்டும் போதுமென்றால் நிறமாற்றமே போதும். இத்தனை பாடு வேண்டாம். மிகக் குறைந்த அளவை எண்ணிக்கையாகவே அறிய வேண்டியவர்களுக்கு இம்முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தங்கம் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியில் தலைகாட்டும் என்பதால், பம்ப் குழாய்களை மட்டும் அடிக்கடி மாற்றிவிடுங்கள்.