சர்வரையும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தோம்: ஆறு வருஷ கிளவுட் அனுபவம்

திருப்பூர்க்காரர்களுக்குக் கிளவுடை விளக்குவது சுலபம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாவற்றுக்கும் நாமே மெஷின் வாங்கிப் போடுவதில்லை. ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து, ஓடிய அளவுக்குக் காசு தருகிறோம். கணக்கு ஓடும் கம்ப்யூட்டரான சர்வரையும் அப்படி வெளியே கொடுத்து, நெட் வழியாகப் பயன்படுத்தினால் அதுதான் கிளவுட். எங்கள் பனியன் கம்பெனியில் 2019-ல் கொடுத்தோம்.

கொடுக்க வைத்தது ஒரு ஹார்ட் டிஸ்க். ஆபீஸ் மூலையில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்த டவர் கம்ப்யூட்டர், ஒரு திங்கட்கிழமை காலை டிக் டிக் என்று சத்தம் மட்டும் போட்டது. பேக்கப் பென் டிரைவ் கணக்குப் பார்க்கும் அக்காவின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதில் இருந்ததோ எழுபது நாள் பழைய கணக்கு. பில் புத்தகத்தையும் டிசி (டெலிவரி சலான்) நகல்களையும் வைத்து எழுபது நாளையும் திரும்ப அடித்தோம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதக் கட்டணம் தனி.

மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும், கூகுள் 2017-ல் மும்பையிலும் கிளவுட் சர்வர் மையங்களைத் திறந்திருந்தன. அவற்றில் ஒன்றில் விண்டோஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து டேலியை ஏற்றினோம். கம்பெனிக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022-ல் விதி வந்தபோது, நாங்கள் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

முதல் வாரத் தகராறு நாங்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் வந்தது. “ஏனுங்ண்ணா, பில்லு பாதியில நிக்குதுங்” என்றார் அக்கா. சர்வர் தூரத்தில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மேஜை மேல். நடுவில், தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப். பேப்பர் அளவு ஒத்துவரவே இல்லை. பத்து நாள் போராடிவிட்டு, பில்லை பிடிஎஃப் ஆக்கி லேசர் பிரிண்டரில் எடுக்க ஆரம்பித்தோம். இன்றும் அப்படித்தான்.

2020 மார்ச் ஊரடங்கில் கம்பெனிக்குப் பூட்டு. அக்கா அவிநாசியில் தன் வீட்டில் இருந்துகொண்டே சம்பளப் பட்டியல் போட்டார், நான் இங்கிருந்து பார்த்து பேங்கில் ஏற்றினேன். அதுவரை “மாசாமாசம் எதுக்கு தண்டம்” என்று கேட்ட அப்பா, அதற்கப்புறம் கேட்கவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் தப்பு எங்கள் பக்கம். செட்டப் செய்த பையன் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசலான 3389 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தான். ஒருநாள் யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவை (லாக்) திறந்தால், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில் நிமிஷத்துக்கு நிமிஷம் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே அதை அடைத்து, நமக்கு மட்டுமான பாதுகாப்பான நெட் பாதையான விபிஎன் வழியாக மட்டும் வரும்படி மாற்றினோம். கட்டடம், கரண்ட், டிஸ்க் அவர்கள் பொறுப்பு. பூட்டும் பேக்கப்பும் நம் பொறுப்பு. கலர் மாதிரி அட்டையான ஷேடு கார்டைத் தப்பாகக் கொடுத்துவிட்டு டையிங்காரரைத் திட்ட முடியாதல்லவா?

பேக்கப் தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள், நாம்தான் அட்டவணை போட வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து திறந்தும் பார்க்கிறோம்.

செலவு குறையுமா? எங்களுக்குக் குறையவில்லை. ஐந்து வருஷ வாடகையைக் கூட்டினால் ஒரு நல்ல சர்வரே வாங்கியிருக்கலாம். முதல் வருஷம் இன்னும் மோசம். சோதனைக்கு எடுத்த இரண்டாவது மெஷினை நிறுத்த மறந்து ஒரு மாதம் முழுக்க ஓடவிட்டேன், பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்புறம் டைமர் போட்டோம்: காலை 8.30-க்கு ஆன், இரவு 8.30-க்கு ஆஃப், ஞாயிறு முழு ஓய்வு. வாரத்தின் 168 மணி நேரத்தில் 72 மணி நேரம்தான் மெஷின் ஓடுகிறது. நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் இன்புட்டாகக் கழித்துக்கொள்கிறோம்.

நெட் இல்லாவிட்டால் கணக்கு வேலை அப்படியே நின்றுவிடும். சாக்கடை வேலைக்கு ரோட்டைத் தோண்டி ஃபைபரை அறுத்த அன்று மதியம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். இப்போது 4ஜி டாங்கிள் ஒன்று ரெடியாக இருக்கிறது. டேலிக்கு அது தாராளம். பையர் அனுப்பும் பெரிய ஆர்ட்வொர்க் ஃபைல்களை மட்டும் இன்னமும் ஆபீஸ் டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறோம், நகல் ஒன்று இரவில் கிளவுடுக்குப் போகும்.

தீபாவளிக்கு ஊரே காலியாகும்போது சர்வரையும் பத்து நாள் நிறுத்திவிடுகிறோம். அந்த மாத பில்லை மட்டும் அப்பா கேட்டு வாங்கிப் பார்ப்பார்.