தவிடு, புண்ணாக்கு, அப்புறம் அந்தச் சிக்கு வாடை

மீன் குளத்துக்கு மிதவைத் தீவனத்தை (தண்ணீரில் மிதக்கும் ஆலைத் தீவன உருண்டைகளை) விட்டுவிட்டுத் தவிடு, புண்ணாக்குக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். என் கெண்டைக் குளத்துக்குப் பல வருடமாகத் தவிடும் புண்ணாக்கும்தான் போட்டு வருகிறேன். ஆனாலும் பதில் சட்டென்று வரவில்லை.

மீன் வளர்கிறதா? வளர்கிறது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்தால் ரோகு, கட்லாவுக்குப் போதும். புண்ணாக்கிலேயே 40 சதவீதத்துக்கு மேல் புரதம். தண்ணீர் இளம்பச்சையாக இருந்தால் மிச்சத்தைப் பிளாங்டன், அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், பார்த்துக்கொள்ளும். செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம், அத்தனை குறைவு.

என் வயிற்றெரிச்சலெல்லாம் தவிட்டின் மேல்தான். மில்லிலிருந்து வரும்போது இளஞ்சூடாக, லேசான இனிப்பு வாசனையோடு இருக்கும். சில நாள் கழித்து மூட்டையைப் பிரித்தால் சிக்கு வாடை மூக்கில் அடிக்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். நெல்லைத் தீட்டும்போதே தவிட்டிலுள்ள லைபேஸ் நொதி அதன் எண்ணெயோடு சேர்ந்துவிடுகிறது. அப்போதே எண்ணெய் கொழுப்பு அமிலமாக உடையத் தொடங்கிவிடும். அடியில் பலகை போட்டு, காற்றோட்டமாக அடுக்கி வைத்தாலும் தவிடு மசியாது. சிக்கடித்ததைப் போட்டால் மீன் பாதியை மிச்சம் வைக்கும். மிஞ்சியது அழுகி ஆக்சிஜனைத் தின்னும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

புழுங்கல் நெல்லின் தவிடு தேவலை. நெல்லை அவிக்கும்போதே நொதி செத்துவிடுகிறது. ஆனால் அதில் எண்ணெய் அதிகம், காற்றுப்பட்டு மெதுவாகவாவது சிக்கடிக்கும். எண்ணெய் எடுத்த தவிடு நன்றாகத் தாங்கும், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தவிட்டை அப்படியே தூவினால் பாதி காற்றோடு போகும், மீதி கரையோரம் ஒதுங்கும்.

புண்ணாக்கில் பூஞ்சை பூத்திருந்தால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தால் வெயிலில் காயவைத்தாலும் முழுசாகப் போகாது.

இத்தனைக்கும் நடுவே எனக்குப் பிடித்தது பைத் தீவனம். ஓட்டை போட்ட சாக்கில் கலவையை நிரப்பிக் கழியில் கட்டித் தொங்கவிட்டால், மீன்கள் முட்டி முட்டித் தின்னும், கழி ஆடும். ஆட்டம் குறைந்தால் குளத்தில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எந்தக் கருவியும் வேண்டாம்.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? மில் பக்கத்திலேயே இருந்து, வாராவாரம் புதுத் தவிடு அள்ளிவர ஆள் இருந்தால் மாறலாம். நேற்றுதான் ஒரு மூட்டையை எருக்குழியில் கொட்டினேன். அதனால் இன்றைக்குக் கேட்டால், மாறவே வேண்டாம்.