மிஞ்சிய அன்னதானம்: உணவு வங்கிக்கா, பக்கத்துத் தெருவுக்கா?

புரட்டாசிச் சனிக்கிழமைகளில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் அடுப்படியில் மிஞ்சும் சாப்பாட்டை எங்கே கொடுப்பது என்று குழுவில் வெகுநாள் பேசினோம். உணவு வங்கி, பக்கத்துத் தெருவில் ஏழைகளுக்குச் சோறு போடும் கூடம், உரக்குழி என்று மூன்று வழி. பக்கத்துத் தெருவைத்தான் பிடித்துக்கொண்டோம்.

உணவு வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். ஃபுட்ஃபார்வர்ட் எஸ்ஏ 2009 முதலும், எஸ்ஏ ஹார்வெஸ்ட் 2019 முதலும் பண்ணை, ஆலை, பெரிய கடைகளில் தேங்குவதை லாரியில் எடுத்துத் தொண்டு அமைப்புகளுக்குச் சேர்க்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் உணவு வீணாகிறது. அதில் பெரும்பங்கு வீட்டுக்கு வருமுன்பே போய்விடுகிறது. அங்கே லாரிதான் வேண்டும். கிளேர்வுட் மொத்தச் சந்தையில் விலைபோகாத கோசு மூட்டைக்கும், எங்களிடம் பிரிக்காமல் நிற்கும் பருப்பு மூட்டைக்கும் அவர்களைக் கேட்பதே சரி.

சமைத்த சோறு கதையே வேறு. அதில் எல்லாமே நேரம்தான். அரிசியிலுள்ள பாசில்லஸ் கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். டர்பன் புழுக்கத்தில் மூடிய அண்டாவின் நடுச்சோறு ராத்திரிவரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். லாரி வரும்வரை அதை வைத்திருக்கக் குளிர் அறை வேண்டும். எந்தக் கோவிலில் இருக்கிறது? பக்கத்துத் தெருவுக்கோ பந்தி முடிந்த கையோடு சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோகிறோம். உடனே பரிமாற முடியாத சோற்றை அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆறியதும் கூடத்தார் தங்கள் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுகிறார்கள். புளிச்சோறு கொஞ்சம் தாங்கும். தேங்காய்ச் சட்னியைக் கொடுப்பதே இல்லை.

சட்டத்தையும் யோசித்தோம். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, பொருளால் தீங்கு வந்தால் அலட்சியம் இருந்ததா என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்துகிறது. தானத்துக்கும் அது பாயுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதனால் சமைத்த நேரத்தை மூடியில் எழுதி ஒட்டுகிறோம்.

உரக்குழிக்கு வாழை இலையும் காய்கறித் தோலும் போதும். வாயில் வைக்கக்கூடிய சோற்றை அங்கே கொட்ட எனக்கு மனசு வராது.

கல்யாண மண்டப அளவுக்கு மிஞ்சினால் இந்த வழி தாங்குமா என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. கோவில் அளவுக்குத் தாங்குகிறது. மழை நாளில் கூட்டம் குறையும் என்று தெரிந்தால், கடைசி அண்டாவை அடுப்பில் ஏற்றும் முன்பே கூடத்துக்குப் போன் போட்டு எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.